முகப் பவுடர்

முகப் பவுடர் அல்லது முகப்பொடி என்பது, முகத்தில் தோன்றும் எண்ணெய்ப் பளபளப்பைக் குறைப்பதற்கும், முன்னரே பூசிய ஒப்பனை கலையாமல் இருப்பதற்கும் ஒப்பனையின் கடைசிப் படியாக இடப்படும் நுண்ணிய தூள் ஆகும். கடைகளில் இது செட்டிங் பவுடர், ஃபினிஷிங் பவுடர், காம்பேக்ட், லூஸ் பவுடர் எனப் பல பெயர்களில் விற்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் இவை பரவுவதற்கு முன்பும், பல வீடுகளில் இன்றும், உடலுக்கென்று செய்யப்பட்ட டால்கம் பவுடரே முகத்துக்கும் இடப்படுகின்றது. டால்கம் பவுடர் வெண்ணிறமானது. தமிழரின் தோல் நிறங்களோ இளம்பழுப்பு முதல் கருமை வரை பரந்தவை. எனவே இங்கு ஒரு முகப் பவுடரைத் தேர்ந்தெடுப்பதில் வணிகப் பெயரைக் காட்டிலும், அத்தூளில் உள்ள கனிமம் எது, நிறமி எது, அது எவ்வளவு மெல்லியதாகப் படியும் என்பனவே முக்கியமானவை.

இக்கட்டுரையில் தட்பவெப்பம் பற்றிய செய்திகளுக்குச் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பிற ஊர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

பெயர்

நறுமணப் பொடியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் சுண்ணம் ஆகும். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில், பெண்கள் கூடி நறுமணப் பொடி இடிப்பதாக அமைந்த பகுதிக்குத் திருப்பொற்சுண்ணம் என்று பெயர். இன்று இச்சொல் சுண்ணாம்பை நினைவூட்டுவதால் வழக்கொழிந்து, பவுடர் என்னும் ஆங்கிலச் சொல்லே எல்லோராலும் ஆளப்படுகின்றது. தமிழில் "பவுடர் போட்டுக்கொண்டு வா" என்றால் எங்கே போட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. முகம் என்பது அதிலேயே அடங்கிவிடுகின்றது.

ஒப்பனையைக் குறிக்கும் அரிதாரம் என்னும் சொல்லின் வரலாறு வேறு. அரிதாரம் என்பது உண்மையில் மஞ்சள் நிறமுள்ள ஒரு கனிமம். வேதியியல்படி அது ஆர்செனிக் சல்பைடு. பழைய நாடக மேடைகளில் நிறப்பூச்சாகப் பயன்பட்ட இந்த நச்சுக் கனிமத்தின் பெயரே, நாளடைவில் எல்லா வகை ஒப்பனைக்கும் பொதுப்பெயர் ஆயிற்று.

டால்க் என்னும் சொல் அரபு, பாரசீக மொழிகளின் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகும். இதன் பருவடிவப் பாறை தமிழில் மாக்கல் எனப்படுகின்றது. சேலம் பகுதியில் கல்சட்டி செய்யப் பயன்படுவதும் மாக்கல்லே. தையற்காரர் துணியில் கோடு இடும் கட்டி, சில வகைக் கோலமாவு, கேரம் பலகையில் தூவும் தூள் ஆகியவற்றிலும் இக்கனிமம் உண்டு. ஆனால் அழகுப்பொருளுக்கான டால்க், தூய்மை சோதிக்கப்பட்டு, சீராக அரைக்கப்பட்ட தனித்தரம் ஆகும். கோலமாவையோ கேரம் பவுடரையோ முகத்துக்குப் பயன்படுத்துதல் கூடாது.

பளபளப்பின் காரணம்

முகம் பளபளப்பதற்கு இரண்டு நீர்மங்கள் காரணமாகின்றன. ஒன்று தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் சீபம், மற்றது வியர்வை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பவுடர் தொடர்பான பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம்.

சீபம் என்பது டிரைகிளிசரைடுகள், மெழுகு எசுத்தர்கள், சுகுவாலீன் முதலியவை கலந்த கொழுப்புக் கலவை. நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் இதைச் சுரக்கும் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ளன. ஒரு சதுர சென்டிமீட்டரில் 400 முதல் 900 வரை இருக்கலாம். பருவ வயதில் இயக்குநீர்களின் தூண்டுதலால் சுரப்பு மிகுகின்றது. தோலின் வெப்பநிலையில் இது நீர்மமாக இருப்பதால், முகத்தின் மேடுபள்ளங்களை நிரப்பி வழவழப்பான படலமாகப் பரவுகின்றது. வழவழப்பான படலம் கண்ணாடியைப் போல ஒளியை ஒரே திசையில் தெறிக்கச் செய்யும். பவுடரின் நுண்துகள்கள் இப்படலத்தின் ஒரு பகுதியை உறிஞ்சுவதுடன், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கின்றன. பளபளப்பு மறைவது இந்த இரண்டு செயல்களாலும் ஆகும். மென்மையான சுவரில் டிஸ்டெம்பர் அடித்தால் மங்கலாகவும் எனாமல் அடித்தால் மின்னுவதாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

வியர்வை பெரும்பாலும் நீர். வறண்ட ஊரில் அது தோன்றியவுடன் ஆவியாகிவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் காலை நேர ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் ஆவியாதல் மெதுவாகவே நடைபெறுகின்றது. மேற்குப் புறநகர்களில் இன்னொரு இடரும் உண்டு. கோடையில் பிற்பகல் வெப்பத்தைத் தணிப்பது கடற்காற்று. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 25 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களை அது தாமதமாகவே வந்தடைகின்றது. சில நாட்களில் வந்து சேரும்போது வலுவிழந்திருக்கும். 2003 மே மாத இறுதியில் சென்னையில் 45 பாகை செல்சியசு பதிவானது. அத்தகைய நாளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு பட்டறையிலோ, ஆவடியிலிருந்து புறப்படும் நெரிசலான மின்தொடர் வண்டியிலோ இருப்பவரின் முகத்தில் ஓடுவது எண்ணெய் அன்று, வியர்வை.

இங்கு கவனிக்க வேண்டியது, டால்க் துகளின் தட்டையான பரப்பு நீரை ஒட்டவிடாத இயல்புடையது என்பதாகும். அது எண்ணெயை ஓரளவு பிடித்துக்கொள்ளும்; வியர்வையை உறிஞ்சாது. பவுடர் இட்டவுடன் கிடைக்கும் உலர்ந்த உணர்வு அதன் வழுக்கும் தன்மையால் வருவதே. ஈர முகத்தில் மீண்டும் மீண்டும் பவுடர் இட்டால் அது குழைந்து, புருவ ஓரங்களிலும் கழுத்து மடிப்பிலும் வெள்ளைக் கோடுகளாகத் தேங்குவது இதனால்தான்.

உட்கூறுகள்

டால்க், நீரேறிய மக்னீசியம் சிலிக்கேட்டு ஆகும். மோசு கடினத்தன்மை அளவுகோலில் இதன் மதிப்பு 1. அதாவது கனிமங்களுள் மிக மென்மையானது. இதன் படிகங்கள் ஏடு ஏடாக அமைந்து ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் தோலில் வழுவழுப்பாகப் பரவுகின்றது. இந்தியாவில் டால்க் பெரும்பாலும் இராசத்தானில் வெட்டி எடுக்கப்படுகின்றது.

கயோலின் எனப்படும் வெண்களிமண் எண்ணெய், நீர் இரண்டையும் உறிஞ்சும். ஆனால் சற்றுக் கனமாகப் படியும். அரிசி, சோள மாவுப்பொருட்கள் நீரை நன்கு உறிஞ்சும். ஆனால் மிகுந்த வியர்வையில் அவை ஊறிக் குழைகின்றன. மக்னீசியம் கார்பனேட்டு உறிஞ்சும் திறனுக்காகவும், துத்தநாக சிடியரேட்டு, மக்னீசியம் சிடியரேட்டு ஆகியவை தோலில் ஒட்டும் தன்மைக்காகவும் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. மைக்கா எனப்படும் அபிரகம் மினுமினுப்பைத் தரும். பளபளப்பைக் குறைக்க வாங்கும் பவுடரில் இது மிகுந்திருப்பது நோக்கத்துக்கே மாறானது. எனினும் "பொலிவு" என்ற சொல்லுடன் விற்கப்படும் பல தூள்களில் இதைக் காணலாம்.

எண்ணெயை உறிஞ்சுவதில் நுண்துளைகள் கொண்ட சிலிக்கா உருண்டைகள் மிகச் சிறந்தவை. இதில் ஓர் ஒளியியல் நுட்பமும் உள்ளது. ஒரு தூள் வெள்ளையாகத் தெரிவது, அதன் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சூழ்ந்த ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. சிலிக்காவின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.46. தோல் எண்ணெயின் மதிப்பும் இதற்கு அருகில் உள்ளது. ஆகவே எண்ணெயில் நனைந்த சிலிக்கா ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகின்றது. டால்க்கின் மதிப்பு சுமார் 1.54 முதல் 1.59 வரை, ஆதலால் அது மெல்லிய மங்கலைத் தரும். டைட்டேனியம் டைஆக்சைடின் மதிப்போ 2.5க்கும் மேல். அது எதில் நனைந்தாலும் வெள்ளையாகவே இருக்கும். சுவர்ப்பூச்சுகளில் வெண்ணிறத்துக்குச் சேர்க்கப்படுவதும் இதுவே. ஒரு முகப் பவுடர் கருநிறத் தோலில் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால், பெரும்பாலும் அதில் டைட்டேனியம் டைஆக்சைடோ துத்தநாக ஆக்சைடோ மிகுதியாகவும், அதை ஈடுசெய்யும் இரும்பு ஆக்சைடு நிறமிகள் குறைவாகவும் உள்ளன என்று கொள்ளலாம்.

பழுப்பு நிறத்தைத் தருபவை மஞ்சள், சிவப்பு, கருப்பு ஆகிய மூவகை இரும்பு ஆக்சைடுகள். மனிதத் தோலின் எல்லாச் சாயல்களையும் இம்மூன்றின் விகிதத்தை மாற்றியே உருவாக்க இயலும். இவை விலை மிகுந்தவையும் அல்ல. கருமையான சாயல்கள் பல ஆண்டுகளாகக் கடைகளில் கிடைக்காமல் இருந்ததற்கு வேதியியல் காரணம் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் முகத்துக்குப் பூசும் பழைய பொருள் மஞ்சள். குளிக்கும்போது மஞ்சள் தேய்த்துக்கொண்ட முகத்தின்மீது பவுடர் இடும் வழக்கம் பின்னர் வந்து சேர்ந்தது. குட்டிக்கூரா, பாண்ட்ஸ், சந்தன மணமுள்ள கோகுல் சாண்டால் ஆகிய பெயர்கள் தமிழ் வீடுகளில் நன்கு அறிமுகமானவை. இவற்றுள் பாண்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் இயங்கியதால், அங்குள்ள பேருந்து நிறுத்தம் ஒன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. அமெரிக்காவில் 1846இல் தோன்றிய இந்த வணிகப் பெயர் 1980களின் பிற்பகுதியில் யூனிலீவர் குழுமத்திடம் சென்றது. பாண்ட்ஸ் (இந்தியா) நிறுவனம் 1998இல் இந்துஸ்தான் லீவருடன் இணைக்கப்பட்டது.

முகத்தில் பவுடர் வெள்ளையாகத் தெரிவது எப்போதும் பிழையாகக் கருதப்பட்டதில்லை. குளித்து, தலைவாரி, பவுடர் இட்டு, பொட்டு வைத்த முகம் ஒரு குழந்தை பள்ளிக்குச் செல்ல ஆயத்தமாகிவிட்டது என்பதற்கு அடையாளம். பெண் பார்க்கும் நிகழ்வானாலும் புகைப்பட நிலையத்துக்குச் செல்வதானாலும் பவுடர் தெரிவதே முறை. மியன்மாரில் கன்னங்களில் பூசப்படும் தனகா என்னும் மரப்பட்டைக் குழம்பும் இவ்வாறே தெரிவதற்காகப் பூசப்படுவதாகும். இதற்கு மாறாக, இன்றைய முகப் பவுடரின் இலக்கு தெரியாமல் இருப்பது. இரண்டு நோக்கங்களும் ஒரே டப்பாவில் நிறைவேறுவதில்லை.

தெரிய வேண்டும் என்ற வழக்கத்துடன் வெள்ளையாக வேண்டும் என்ற விருப்பமும் கலந்துவிட்டதை மறுப்பதற்கில்லை. 1975இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி பசைமம், 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கி குளோ அண்ட் லவ்லி ஆனது. பவுடர்களில் இம்மாற்றம் மெதுவாகவே நிகழ்கின்றது. இன்றும் சிறு கடைகளில் காம்பேக்ட் கேட்டால், வாங்குபவரின் நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய சாயலை எடுத்து நீட்டுவது உண்டு. அதை மறுத்துத் தம் நிறத்துக்கு உரியதைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை.

மேடையிலும் திரையிலும்

எண்ணெய் கலந்த வண்ணப்பூச்சு விளக்கு வெப்பத்தில் வழியாமல் இருக்க, அதன்மீது பவுடரை ஒற்றி நிறுத்துவது மேடை ஒப்பனையின் அடிப்படை முறை. திரைப்படத்தில் பவுடரின் வரலாறு படச்சுருளின் வரலாற்றோடு இணைந்தது. மவுனப்படக் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாடிக் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. செம்மையும் பழுப்பும் கலந்த தோல் அதில் உள்ளதைவிடக் கருமையாகப் பதிவாகும். எனவே நடிகர்கள் முகம் முழுதும் வெளிறிய பூச்சைத் தடித்துப் பூசினர். 1920களின் இறுதியில் எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் பரவியதும் இத்தேவை குறைந்தது. டெக்னிகலர் வண்ணப்படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 1937இல் உருவாக்கிய பான்கேக், ஈரப் பஞ்சினால் பூசக்கூடிய டால்க் அடிப்படையிலான கட்டிப் பூச்சு. தமிழ்த் திரையுலக ஒப்பனை அறைகளில் இப்பெயர் அவ்வகைப் பூச்சு அனைத்துக்கும் பொதுப்பெயராக நிலைத்தது.

படப்பிடிப்புத் தளங்கள் கோடம்பாக்கம், வடபழனியிலிருந்து மேற்கு நோக்கி நகர்ந்ததால், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டி போன்ற இடங்களில் இன்று ஒப்பனைக் கலைஞர்கள் பணியாற்றுகின்றனர். உயர்தெளிவு ஒளிப்பதிவில் தடித்த பவுடர் பூச்சு துகள் துகளாகத் தெரியும். ஆதலால் தூளை அடுக்குவதைவிட, காட்சிகளுக்கு இடையே ஒற்றுத்தாளால் எண்ணெயை எடுத்துவிட்டு மிகச் சிறிதளவு தூளை அழுத்துவதே இன்றைய முறை.

தேர்ந்தெடுத்தல்

முதலில் தோலின் இயல்பை அறிய வேண்டும். முகத்தைக் கழுவித் துடைத்து, எதுவும் பூசாமல் மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் இருந்த பின், மெல்லிய தாளை நெற்றி, மூக்கு, கன்னம் ஆகிய இடங்களில் தனித்தனியே அழுத்திப் பார்க்கலாம். தாளில் ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பட்டால், பவுடர் அவ்விடங்களுக்கு மட்டுமே தேவை. பலருக்கும் இந்நிலைதான். கன்னம் முழுவதும் பவுடர் இடுவது பழக்கமேயன்றித் தேவையன்று. தாளில் எங்கும் கறை படவில்லை, ஆனால் முகம் வெளியே சென்றவுடன் மின்னுகின்றது என்றால் அது வியர்வை. பவுடரால் அதற்குத் தீர்வு இல்லை. கைக்குட்டையும் நிழலும் அதைவிட உதவும்.

எண்ணெய் மிகுந்த தோலுக்குச் சிலிக்கா அல்லது கயோலின் உள்ள தூள் ஏற்றது. வறண்ட தோலுக்கு இவை பொருந்தா. தோல் உரிந்தது போலவும் சுருக்கங்கள் ஆழ்ந்தது போலவும் காட்டும். அத்தகையவர் டால்க் அல்லது மைக்கா அடிப்படையிலான தூளை மிகக் குறைவாகப் பயன்படுத்தலாம்.

அடுத்தது நிறம். நிறமற்றது என்ற பொருளில் டிரான்ஸ்லூசென்ட் எனக் குறிக்கப்பட்டு விற்கப்படும் தூள்களில் பல, டப்பாவில் வெண்மையாக இருப்பவை. வெளிர்நிறத் தோலில் அவை மறைகின்றன. கருநிறத் தோலில் மறைவதில்லை. இச்சொல் யாருடைய முகத்தை வைத்துச் சூட்டப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கலாம். மாநிறத்தினருக்கும் கருநிறத்தினருக்கும் மஞ்சள் அல்லது செம்பழுப்புச் சாயலுள்ள தூளே ஏற்றது. சாயலைப் புறங்கையில் சோதிப்பது பயன் தராது. வெயில் படும் கையும் முகமும் ஒரே நிறமாக இருப்பதில்லை. தாடையின் ஓரத்தில் சிறிது தடவி, கடையின் குழல்விளக்கில் அன்றி வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் பார்ப்பது நல்லது. நிறமி எண்ணெயில் நனைந்ததும் பல தூள்கள் ஒரு படி கருத்துத் தெரியும்.

செட்டிங் பவுடர், ஃபினிஷிங் பவுடர் ஆகியவற்றுக்கிடையே கூறப்படும் வேறுபாடு என்னவெனில், முன்னது ஈரமான பவுண்டேசனையும் கன்சீலரையும் உலர்த்தி நிறுத்துவது. பின்னது எல்லாவற்றுக்கும் மேலாக இடப்பட்டு ஒளியைச் சிதறடித்துத் தோலை மிருதுவாகக் காட்டுவது. வணிகர்கள் இவ்வேறுபாட்டைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு தூளே போதும்.

லூஸ் பவுடர் எனும் உதிரித் தூள் மெல்லியதாகப் படியும், அதிகம் உறிஞ்சும். ஆனால் பறந்து சிதறும். காம்பேக்ட் எனும் அழுத்திய தூளில் துகள்களைப் பிணைக்கச் சிறிது எண்ணெய்ப்பொருள் சேர்க்கப்பட்டிருப்பதால் உறிஞ்சும் திறன் சற்றுக் குறைவு. பையில் எடுத்துச் செல்ல இதுவே எளிது. நாள்தோறும் பேருந்திலும் இரயிலிலும் செல்வோர் வீட்டில் உதிரித் தூளும் பையில் காம்பேக்டுமாக வைத்துக்கொள்வது வழக்கம்.

திருமணங்களில் தனி இடர் ஒன்று உண்டு. சிலிக்கா மிகுந்த தூளையோ டைட்டேனியம் டைஆக்சைடு மிகுந்த தூளையோ தடித்து இட்டால், புகைப்படக் கருவியின் திடீர் ஒளியில் அது ஒளியை நேராகத் திருப்பி அனுப்பி, கண்ணுக்குக் கீழும் மூக்கின்மீதும் வெள்ளைத் திட்டுகளாகப் பதிவாகும். நேரில் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. படங்கள் கைக்கு வந்த பிறகே தெரியும். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மண்டபங்களில் அதிகாலை முகூர்த்தத்துக்கு ஓமப் புகையின் முன் அமரும் மணமகள், முந்தைய நாளே அதே ஒப்பனையுடன் ஒரு கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துப் பார்ப்பது இதைத் தவிர்க்கும் எளிய வழி. ஓமத்தின் வெப்பத்தில் வழிவதும் வியர்வையே. அங்கே ஒற்றித் துடைக்க அருகில் ஒருவர் இருப்பது எந்தத் தூளையும்விடப் பயனுள்ளது.

இடும் முறை

பூசிய பசைமமோ வெயில்காப்புக் களிம்போ தோலில் படிய ஐந்து முதல் பத்து நிமிடம் விட வேண்டும். அதற்குமுன் தூளை இட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பஃப் எனப்படும் ஒற்றுப் பஞ்சில் சிறிது தூளை எடுத்து, அதை மடித்துத் தேய்த்து உள்ளிழுக்கச் செய்து, மிகுந்ததைத் தட்டிவிட்டு, முகத்தில் அழுத்தி ஒற்ற வேண்டும். தேய்த்தால் கீழுள்ள ஒப்பனை நகர்ந்துவிடும். காதோரம், தாடையின் கீழ், புருவ மயிர் ஆகிய இடங்களை இறுதியில் வெறும் தூரிகையால் துடைத்துவிடலாம்.

நண்பகலில் மீண்டும் இடுவதற்கு முன் வியர்வையை ஒற்றி எடுத்து, காற்றில் உலரவிட்டு, பின்னரே தூளை இட வேண்டும். பலர் இந்த நடுப்படியை விட்டுவிடுகின்றனர். கண்ணுக்குக் கீழ் தூளைக் குவித்து வைத்துச் சில நிமிடம் கழித்துத் தட்டிவிடும் பேக்கிங் என்ற முறை மேடை விளக்குகளுக்காக ஏற்பட்டது. புழுக்கம் மிகுந்த ஊரில் அன்றாடம் செய்யத் தக்கதன்று.

எஸ்.பி.எஃப். மதிப்பு குறிக்கப்பட்ட பவுடர்களை வெயில்காப்புக்கு நம்புதல் கூடாது. அம்மதிப்பு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்துப் பெறப்படுவது. அந்த அளவுக்கு யாரும் முகத்தில் பவுடர் இடுவதில்லை.

காம்பேக்டின் மேற்பரப்பு நாளடைவில் கெட்டியாகி மின்னத் தொடங்கினால், முகத்தின் எண்ணெய் பஃப் வழியாக அதில் ஏறிவிட்டது என்று பொருள். மேலேட்டைச் சுரண்டிவிட்டால் மீண்டும் தூள் வரும். பஃபை வாரம் ஒரு முறையாவது சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். முகப்பரு உள்ளவர்கள் பஃபைப் பிறருடன் பகிர்தல் கூடாது. விடுதிகளிலும் அலுவலக ஓய்வறைகளிலும் ஒரே பஃப் பல முகங்களுக்குச் செல்வது வழக்கமாக இருப்பதால் இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

உடல்நலம்

டால்க் உருவாகும் பாறைகளிலேயே கல்நார் எனப்படும் ஆசுபெசுடாசும் சில இடங்களில் உருவாகின்றது. சுரங்கத்திலேயே இவை கலந்துவிடக்கூடும். கல்நார் நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோயை உண்டாக்குவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. கல்நார் கலவாத டால்க் பற்றிய முடிவுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல. உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2024 சூலையில் டால்க்கை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. மனிதரிடத்தில் கிடைத்த சான்று சூலகப் புற்றுநோய் தொடர்பானது. அது வரம்புக்குட்பட்ட சான்று என்றே அம்முகமை மதிப்பிட்டது. விலங்குச் சோதனைகளில் போதிய சான்று இருந்தது. இவ்வகைப்பாடு ஒரு பொருளால் தீங்கு நேரக்கூடுமா என்பதற்கான சான்றின் வலிமையைக் குறிக்குமேயன்றி, முகத்தில் சிறிது பவுடர் இடுபவருக்கு எவ்வளவு இடர் என்பதைக் குறிக்காது.

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம், அமெரிக்காவில் தொடரப்பட்ட ஆயிரக்கணக்கான வழக்குகளுக்கு இடையே, டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்துவதாக 2020இல் அறிவித்தது. 2023இல் உலகெங்கும் நிறுத்தி, சோள மாவுப்பொருள் கலந்த பவுடருக்கு மாறியது.

முகப் பவுடரைப் பொறுத்தவரை உடனடியான இடர் மூச்சின் வழியே உள்ளே செல்வதே. தூளை முகத்தின் முன் உதறுவதையும், மின்விசிறிக்கு நேராக நின்று இடுவதையும் தவிர்க்கலாம். ஆசுதுமா உள்ளவர்களுக்கு அழுத்திய தூள் மேலானது. கைக்குழந்தைகளுக்குக் குளிப்பாட்டியபின் பவுடர் தூவும் வழக்கம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. ஆயினும் குழந்தைநல மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. குழந்தைகள் தூளை உள்ளிழுத்து மூச்சுத்திணறலுக்கு ஆளான நிகழ்வுகளும், இறந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பவுடர் டப்பாவைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுத்தல் கூடாது.

வேர்க்குரு பவுடர்களில் மென்தால், போரிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் போன்ற மருந்துப்பொருட்கள் இருக்கலாம். அவை உடலின் வேர்க்குருவுக்கானவை; கண்ணைச் சுற்றி இடத் தகுந்தவை அல்ல.

பொதியில் பார்க்க வேண்டியவை

இந்தியாவில் அழகுப்பொருட்கள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின் கீழும், 2020இல் அறிவிக்கப்பட்ட அழகுப்பொருள் விதிகளின் கீழும் வருகின்றன. ஈயச் சேர்மங்களையும் ஆர்செனிக் சேர்மங்களையும் நிறமூட்டுவதற்காகச் சேர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அவ்வகையில், பெயர்க்காரணமான அரிதாரம் இன்றைய அரிதாரத்தில் இருக்க இயலாது. இந்தியத் தரநிர்ணய அமைவனம் தோலுக்கான பவுடர்களுக்கு ஐ.எஸ். 3959, குழந்தைப் பவுடர்களுக்கு ஐ.எஸ். 5339, அழகுப்பொருளுக்கான டால்க்குக்கு ஐ.எஸ். 1462 ஆகிய சீர்தரங்களை வெளியிட்டுள்ளது.

வாங்கும்போது உற்பத்தி உரிம எண், தொகுதி எண், பயன்பாட்டுக் காலம், உட்பொருட் பட்டியல் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாரச்சந்தைகளிலும் நடைபாதைகளிலும் பெயர்பெற்ற நிறுவனங்களின் காம்பேக்ட் போலவே தோன்றும் போலிகள் விற்கப்படுகின்றன. அவற்றில் இவை விடுபட்டிருக்கும், அல்லது டப்பாவுக்கும் அட்டைக்கும் தொகுதி எண் மாறியிருக்கும்.

உட்பொருட் பட்டியலில் நிறமிகள் பெரும்பாலும் எண்களாகவே இருக்கும். சி.ஐ. 77891 என்பது டைட்டேனியம் டைஆக்சைடு. 77947 என்பது துத்தநாக ஆக்சைடு. 77491, 77492, 77499 ஆகியவை முறையே சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகள். முதலிரண்டு எண்கள் மட்டும் இருந்து பின்னைய மூன்றும் இல்லாத தூள், அட்டையில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும், வெள்ளைப் பவுடரே.